ஆண்டவர் இன்னும் சொல்லவில்லை

உக்காருங்க பிரதர். அதுல வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இங்க, ஃபேனுக்குக் கீழ வாங்க. திர்சா இன்னும் வரல. லேப்ல இருந்து மூணு மணிக்கு இறங்கி, பஸ் பிடிச்சு வந்து சேர நாலாயிரும். நீங்க வந்த காரியம் எனக்குத் தெரியும். தகப்பன் வாயால ஒரு வார்த்தை வேணும், அம்புட்டுத்தான? பெத்தவங்க மனசாரச் சரின்னு சொன்னாத்தான் பிள்ளைய ஊழியத்துக்கு எடுப்போம்னு உங்க மிஷன்ல ஒரு சட்டம் வச்சிருக்கீங்களாம்லா. நல்ல சட்டம். நானும் சபைக் கமிட்டியில இருக்கவன், சட்டத்தக் குறை சொல்லமாட்டேன். ஆனா அதப் போட்டவருக்குப் பொம்பளப்பிள்ள கிடையாதுன்னு நினைக்கேன்.

அன்னபாக்கியம், பிரதருக்குக் காப்பி கொண்டா. சீனி போடலாம்லா பிரதர்? சரி, போடு.

நம்ம பேரு ஞானாபரணம். மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த நல்லாயன்புரத்துல நீங்க பஸ்ஸ விட்டு இறங்கி யாருட்ட கேட்டிருந்தாலும், 'கீழ்ப்படிதல் ஞானாபரணம் வீடா?'ன்னு வழி காட்டியிருப்பாங்க. காட்டுனாங்களா? பாத்தீங்களா. கேலிக்கு வச்ச பேரு இல்ல, மரியாதைக்கு வச்சது. வாலிபப் பிள்ளைங்க சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பாங்க. அது அந்த வயசு, எதுக்கும் சிரிக்கும்.

ஏன் அந்தப் பேருன்னு கேட்டா, எனக்கு அது ஒண்ணுதான் பிரசங்கம். வீட்டு ஜெபக்கூட்டம்னு யாரு கூப்பிட்டாலும், துக்க வீடோ பால் காய்ப்போ, நான் பேசுனா கீழ்ப்படிதலப் பத்தித்தான் பேசுவேன். காணிக்கை போடுதது பெருசு இல்ல, பாட்டுப் படிக்கது பெருசு இல்ல, ஆண்டவர் போன்னா போகணும், நில்லுன்னா நிக்கணும், ஏன்னு கேக்கக் கூடாது. இதத்தான் சொல்லுவேன். இந்த வீட்டுல சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மழையோ, கரண்டு இல்லையோ, விருந்தாளி வந்திருக்காங்களோ, ஏழுன்னா ஏழு. பாட்டு, வேதம், பொறவு முழங்கால். சீக்காளிங்க, பிரயாணம் போறவங்க, எங்க பாதிரி ஐயர் குடும்பம் எல்லாரையும் சொல்லி முடிச்சு, கடைசியா எங்களுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தத் தாரும் ஆண்டவரேன்னு கேப்பேன். திர்சா பேச்சு திருந்தாத காலத்துல இருந்து பக்கத்துல முழங்கால் போட்டு இதுக்கு ஆமென் சொன்ன பிள்ள. எங்களுக்குன்னா பொதுவாக் கேக்கதுதான். ஜெபத்துல எல்லாரும் கேக்கதுதான பிரதர்? கொடுத்துருவாருன்னு யாரு நினைச்சா?

கேக்கதோட நான் நிறுத்துனவன் இல்ல. ஆண்டவர் எனக்குப் பேசுவாரு. அத நான் பெருமைக்குச் சொல்லல, நீங்க ஊழியக்காரர், உங்களுக்குப் புரியும். அந்த உள் ரூம் இருக்குல்லா, எந்தக் காரியம்னாலும் அதுல போய்க் கதவச் சாத்திக்கிடுவேன். வெளிய வரும்போது பதிலோடதான் வருவேன். கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கணும்னு கமிட்டியில பேச்சு வந்தப்ப ஒருத்தன் வெள்ளைங்கான், ஒருத்தன் நீலங்கான், ஒரே சண்டை. நான் எழும்பி, ஆண்டவர் எனக்கு இளமஞ்சள்னு சொன்னாருன்னேன். அதோட முடிஞ்சுச்சு. யாரு ஆண்டவர எதுத்து ஓட்டுப் போடுவா? இப்ப அது பாசி பிடிச்சுப் பச்சையாக் கிடக்கு, அது கடல் காத்துக்கு. நிறத்து மேல குத்தம் இல்ல.

இவ இருக்காளே, அன்னபாக்கியம், கல்யாணமான புதுசுல பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு இவளுக்கு. பக்கத்து ஊருதான். போகட்டுமான்னு கேட்டா. ஜெபிச்சேன், வேண்டாம்னுட்டாரு. சரின்னு அந்த ஆர்டர மடிச்சு வச்சுட்டு அடுப்பப் பத்த வச்சுட்டா. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டது இல்ல. அதுக்கு முந்தி நல்லாப் பாடுவா, பொறவு ஏனோ பாட்டு நின்னு போச்சு. தொண்ட கெட்டுப்போச்சு போல.

திர்சாவும் அவ அம்மா மாதிரித்தான். பள்ளிக்கூடத்துல கொடைக்கானலுக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்க. பைய எல்லாம் அடுக்கி, ஸ்வெட்டர் கடன் வாங்கி வச்சிருந்தா. எனக்கு அந்த மலை ரோட்டுல பிள்ளைய அனுப்ப மனசு வரல. ரூமுக்குப் போயிட்டு வந்து, ஆண்டவர் வேண்டாங்காரும்மான்னேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடணுமே? மாட்டா. பையப் பிரிச்சுத் துணிய பீரோவுல வச்சுட்டுப் படிக்க உக்காந்துட்டா. அந்த பஸ் பத்திரமாப் போயிட்டுப் பத்திரமா வந்துச்சு, அது வேற விஷயம். பிள்ளைய அப்படி வளத்திருக்கேன்னு அன்னைக்கு எனக்கு எம்புட்டுச் சந்தோஷம் தெரியுமா? அடுத்த கூட்டத்துல அதையே சாட்சியாச் சொன்னேன்.

பொறவு படிப்பு. வேலூர்ல நர்சிங் படிக்கணும்னு ஆசப்பட்டா. ஹாஸ்டல்ல விடணும். ஆண்டவர் லேப் டெக்னீஷியன் படிக்கச் சொல்லுதாருன்னேன், ஏன்னா அந்தப் படிப்பு இங்க திருநெல்வேலியிலயே இருந்துச்சு. காலம்பற போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். அதுலயும் முதல் மார்க். இப்ப பெரியாஸ்பத்திரி டாக்டரே, மலேரியாவா என்னன்னு சந்தேகம் வந்தா இவ லேப்புக்குத்தான் ஸ்லைடு அனுப்புதாங்க. ரத்தத்துல பூச்சி ஒளிஞ்சு கிடந்தாலும் இவ கண்ணுக்குத் தப்பாதாம். அத நான் எல்லார்ட்டயும் சொல்லிப் பீத்திக்கிட்டேன். நீங்க ஒடிசா மலைக்குள்ள ஆஸ்பத்திரி வச்சு உக்காந்து, மலேரியா ரத்தம் பாக்கத் தெரிஞ்ச ஆள ஆண்டவரே அனுப்பும்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

காப்பி எடுத்துக்கிடுங்க. நீ போ உள்ள, நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்லா.

எங்க விட்டேன்? மிஷனரி ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் வரலைல்லா. அதையும் ஏற்பாடு பண்ணுனது நான்தான் பிரதர், வேற யாரையும் கை காட்ட முடியாது. நம்ம சபையில வாலிபப் பிள்ளைங்க செல்போனே கதின்னு கிடக்கு, ஒரு நல்ல மிஷனரியக் கூட்டிட்டு வந்து எழுப்பிவிடணும்னு கமிட்டியில சொன்னேன். உங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே வந்தாங்க. சின்ன உருவம், சத்தமே போடல. அங்க பிள்ளைங்க காய்ச்சல்ல சாகுதத மட்டும் சொன்னாங்க. எந்தக் காய்ச்சல்னு பாத்துச் சொல்ல ஆள் இல்லாம, மருந்து அலமாரியில இருக்கும்போதே செத்துப் போகுதுங்கன்னாங்க. பொறவு, ஆண்டவர் யாருட்டயாவது பேசுனா எழும்பி நில்லுங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிட்டாங்க.

யாரும் எழும்பல. முன்வரிசையில நான். எனக்கு வெக்கமாப் போச்சு. இம்புட்டு தூரம் வந்திருக்காங்க, ஒரு ஆள் எழும்பக் கூடாதா? திரும்பி உக்காந்து வாலிபப் பயலுவளப் பாத்து எழும்புங்கலேன்னு கையக் காட்டுனேன். அந்தத் தச்சு வேல பாக்க சாமுவேலடியான் மகன் இருக்கான், வீட்டுக்கும் பிரயோஜனம் இல்ல, ஊருக்கும் பிரயோஜனம் இல்ல, அவனப் பாத்துக் கண்ணால ஜாடை காட்டுனேன். அவன் குனிஞ்சுக்கிட்டான். சரின்னு நானும் கண்ண மூடி ஜெபிக்க ஆரம்பிச்சுட்டேன். ஆண்டவரே ஒருத்தரையாவது எழுப்பும், ஒருத்தரையாவதுன்னு. அப்ப பொம்பளைங்க பக்கம் சேலை சரசரன்னு ஒரு சத்தம். யாரோ எழும்பிட்டாங்க. கண்ணத் திறக்காமலே ஸ்தோத்திரம்னு கத்துனேன் பிரதர். கோயிலே எதிரொலிச்சுச்சு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு கையத் தட்டிக்கிட்டே கண்ணத் திறக்கேன், திர்சா நிக்கா.

நீங்களே சொல்லுங்க, அதுக்குப் பொறவு நான் என்ன சொல்ல முடியும்? ஸ்தோத்திரம்னு சொன்ன வாய்.

கோயில் முடிஞ்சு ஜனம் எல்லாம் வந்து கையப் பிடிச்சுக் குலுக்குது. 'பாக்கியம் செஞ்ச தகப்பன்'ங்காங்க. சாமுவேலடியான் வந்து என்னக் கட்டிப்பிடிச்சு அழுதான். நான் எல்லாருக்கும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல கைய வைக்க முடியல. திர்சாதான் பேசுனா. 'அப்பா, எனக்கு ஆண்டவர் பேசுன மாதிரி இருந்துச்சு, எழும்பிட்டேன். ஆனா எனக்கு அவ்வளவு தெளிவு கிடையாது. உங்களுக்குத்தான் ஆண்டவர் தெளிவாப் பேசுவாரு. நீங்க ஜெபிச்சுச் சொல்லுங்க. போன்னா போறேன், நில்லுன்னா நிக்கேன்'னு சொல்லிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துனா.

அது ஐப்பசி மழை நேரம். இப்ப பங்குனி வந்துட்டு. பிள்ள இன்னும் காத்துக்கிட்டு இருக்கு.

கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தான்னா பரவாயில்ல பிரதர். எத்தன வீட்டுல பிள்ளைங்க எதுத்துப் பேசுதாங்க, இழுத்துக்கிட்டு ஓடுதாங்க. தகப்பன் ரெண்டு மாசம் பேசாம இருப்பான், பொறவு பேரப்பிள்ளையப் பாத்ததும் கரைஞ்சு போவான். அதுக்கு ஒரு வழி இருக்கு. இவ எதுக்கவே மாட்டேங்கா. என்னைக்குச் சொல்லுவீங்கன்னு ஒரு நாள் கேட்டது இல்ல. காலையில லேப்புக்குப் போறா, வாரா, அம்மாவுக்கு மாவாட்டிக் கொடுக்கா, ஏழு மணிக்குப் பாய விரிச்சு என் வேதத்த எடுத்து வைக்கா. நான் ஜெபம் பண்ணிட்டு எழும்பும்போது என் முகத்த ஒரு பார்வ பாப்பா. அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து இப்பல்லாம் ஜெபம் முடிஞ்சதும் கண்ணத் திறக்காம கொஞ்ச நேரம் அப்படியே இருக்கேன். நான் இன்னும் ஆழமா ஜெபிக்கேன்னு அவ நினைச்சுக்கிடுதா.

சுலபம்தான, ஆண்டவர் வேண்டாம்னுட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லிர வேண்டியதுதான? நானும் அப்படித்தான் நினைச்சேன். வாழ்க்கையில எத்தனையோ தடவ சொன்ன வார்த்தை. ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம், இன்னைக்குச் சொல்லிருவோம்னு ரூமுக்குள்ள போய் முழங்கால் போட்டு, சொல்ல வேண்டியத எல்லாம் மனசுக்குள்ள அடுக்கிக்கிட்டு வெளிய வந்தேன். அவ இங்கதான் தரையில உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. திர்சா, ஆண்டவர்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான் சொன்னேன். கையில இருந்த துணியக் கீழ வச்சுட்டா. நேரா உக்காந்தா. மடியில கிடந்த துப்பட்டாவ எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா பிரதர். ஜெபத்துக்குப் போடுத மாதிரி. போட்டுக்கிட்டுக் கையக் கட்டி என்னப் பாக்கா.

நான் மழை வருத மாதிரி இருக்கு, மாடியில துணி கிடக்கான்னு கேட்டேன். 'எல்லாத்தையும் எடுத்துட்டேன்ப்பா'ன்னா.

அன்னையில இருந்து தொண்டையில என்னமோ வந்து அடைக்குது. அந்த வார்த்தையச் சொல்லப் போனா மட்டும் அடைக்குது. திருநெல்வேலிக்குப் போய்க் குழாய விட்டுப் பாத்தேன். டாக்டர் பய ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, மனசுல ஏதும் கவலையான்னு கேக்கான். வயசு முப்பது இருக்காது அவனுக்கு. உனக்கு எதுக்குப்பா அது, மாத்திரைய எழுதுன்னேன்.

போன்னும் சொல்ல முடியல. அதையும் முயற்சி பண்ணாம இல்ல. உங்க மலை ஆஸ்பத்திரி லேப்புல முன்னாடி இருந்த பையனுக்கு மலேரியா மூளைக்கு ஏறிச்சாமே? பொழச்சுக்கிட்டான், தெரியும், டாக்டரம்மா மேடையிலயே சொன்னாங்க, அவங்க எதையும் மறைக்கல. ஆனா கை இன்னும் நடுங்குதாம்லா, ஊருக்குத் திரும்பிட்டானாம்லா. திர்சாவுக்குச் சின்னதுல காய்ச்சல் வந்தா கண்ணு மேல சொருகிரும் பிரதர். வாயில கரண்டிக்காம்பக் கொடுத்துக்கிட்டு இவளத் தூக்கித் தோள்ல போட்டு ஓடுனவன் நான். எங்களுக்கு வேற பிள்ள இல்ல. எனக்குப் பயமா இருக்கு. இத நான் சபையில சொல்ல முடியாது, ஐயர்ட்ட சொல்ல முடியாது. கீழ்ப்படிதல் ஞானாபரணம் பயப்படுதான்னு தெரிஞ்சா என்ன ஆகும்? நீங்க வெளியூர்க்காரர், அதனால சொல்லுதேன்.

நடுவுல ஒரு சம்பந்தம் வந்துச்சு. தூத்துக்குடி ஹார்பர்ல வேல பாக்க பையன். ஒரு கெட்ட பழக்கம் இல்ல, கோயில்ல கிட்டார் வாசிக்கான். ஆண்டவரே கதவத் திறந்துட்டாருன்னு எனக்கு உசுரு வந்துச்சு. திர்சாட்ட சொன்னேன். அவ மாட்டேன்னு சொல்லணும்லா? சொல்லல. 'ஆண்டவர் இதத்தான் சொல்லுதாருன்னா கட்டிக்கிடுதேன்ப்பா. சொன்னாராப்பா?'ன்னு கேக்கா. நல்ல பையன்மான்னேன். 'நல்ல பையன்தான்ப்பா. ஆண்டவர் சொன்னாரா?' நான் முற்றத்துல வந்து காறித் துப்பிட்டு மோட்டாரப் போடப் போயிட்டேன். அவங்களும் எம்புட்டு நாள் பொறுப்பாங்க, தை பிறந்ததும் வேற இடத்துல முடிச்சுட்டாங்க. பத்திரிகை அனுப்பியிருந்தாங்க. திர்சாதான் போயிட்டு வந்தா, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா.

அன்னபாக்கியம் ஒரு நாள் எங்கிட்ட வந்தா. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருதேன், பொய் சொன்ன பாவம் என் தலையில விழுந்துட்டுப் போட்டும், பிள்ள கூட இருந்தாப் போதும்னா. நான் வேண்டாம்னு சொல்லல. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். இவ போய், ஏட்டி, ஆண்டவர் எனக்குச் சொன்னாரு, உன்னப் போக வேண்டாங்காருன்னா. திர்சா சிரிக்கா. கேலியா இல்ல, பாசமாத்தான் சிரிக்கா. 'அம்மா, உனக்கு ஆண்டவர் பேசமாட்டாரே. இந்த வீட்டுல அப்பாவுக்கு மட்டும்தான பேசுவாரு'ங்கா. இவளும் ஆமான்னு சொல்லிட்டு வந்து வெங்காயம் உரிச்சா. நிறைய வெங்காயம் உரிச்சா அன்னைக்கு.

ஐயர்ட்டயாவது கேப்போம்னு போனேன். நம்ம சபை ஐயர் சின்ன வயசுக்காரர், ஆனா படிச்சவரு. ஐயரே, நீங்க ஒரு வார்த்தை அவட்ட சொல்லுங்க, வயசான தகப்பன் தாயப் பாக்கதும் ஊழியம்தான்னு சொல்லுங்கன்னேன். அவரு சன்னல் வழியாக் கோயில் சுவரப் பாத்துக்கிட்டே, 'எங்களுக்கு எல்லாம் ஆண்டவர் என்ன சொல்லுதாருன்னு நீங்கதானே இத்தன வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க, உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?'ன்னுட்டாரு. எம்புட்டுத் தாழ்மை பாருங்க. ஆனா உதவி இல்ல.

இதுல என் சங்கடம் உங்களுக்குப் புரியுதா பிரதர்? நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படியமாட்டேன்னு சொல்லவே இல்ல. என்னைக்கும் சொன்னது இல்ல. அவரு சொல்லட்டும், நான் கீழ்ப்படியுதேன். அவருதான் சொல்லமாட்டேங்காரு. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தா, ஃபேன் சத்தம்தான் கேக்கு. ஃபேன நிறுத்திட்டு உக்காந்தேன். அப்பவும் ஒண்ணும் இல்ல. உபவாசம் இருந்தேன், வயித்துல புண்ணு வந்ததுதான் மிச்சம். பெயின்ட் நிறத்துக்குச் சொன்னவரு, டூருக்குச் சொன்னவரு, இவ படிப்புக்குச் சொன்னவரு, இதுக்கு ஏன் வாயத் திறக்கமாட்டேங்காரு? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? எனக்கு அவரு மேல வருத்தம் இருக்கு. ஊழியக்காரர்ட்ட சொல்லக் கூடாது, ஆனா இருக்கு.

இதுல இன்னொண்ணு. போன மாசம் எனக்கு இருமல், ஜெபம் பண்ண முடியல. திர்சாவ ஜெபிக்கச் சொன்னேன். பிள்ள எல்லாரையும் சொல்லி, அங்க மலையில காய்ச்சலாக் கிடக்க பிள்ளைங்களையும் சொல்லி முடிச்சுட்டு, 'ஆண்டவரே, எங்க அப்பாவுக்கு ரொம்பப் பாரமா இருக்கு. அவருக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்'னா. எனக்கு! எனக்குக் கேக்கா அவ. நான் முழங்கால்ல நின்னுக்கிட்டு இருக்கேன், எழும்பவும் முடியாது, குறுக்க பேசவும் முடியாது. அன்னபாக்கியம் பக்கத்துல பெருசா ஆமென் சொல்லுதா. இவ தொண்ட கெட்டுப் போச்சுன்னு இத்தன வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நல்லாத்தான் சத்தம் வந்துச்சு.

தெரியும் பிரதர். நீங்க சொல்லாமலே தெரியும். மழைக்கு முந்தி ஆள் வேணும், மழை விழுந்தாக் காய்ச்சல் ஆரம்பிச்சுரும், இவ இல்லைன்னா வேற ஆளப் பாக்கணும். இன்னைக்கு ஏதாவது ஒண்ணு தெரிஞ்சாகணும்னு டாக்டரம்மா சொல்லி விட்டிருக்காங்க. சரி. வேற ஆள் பாருங்கன்னு நான் சொல்லிட்டேன்னு வைங்க. திர்சா ஒண்ணும் கேக்கமாட்டா. நாளைக்கும் லேப்புக்குப் போவா, மாவாட்டுவா, பாய விரிப்பா. அங்க ஒரு பிள்ள செத்துதுன்னு உங்க மிஷன் பத்திரிகையில போட்டிருந்தா, அத வாசிச்சு என் பக்கத்துலயே உக்காந்து அதுக்கும் ஜெபிப்பா. அத நான் எத்தன வருஷம் கேட்டுக்கிட்டு இருக்கது? போகட்டும்னு சொல்லிட்டேன்னு வைங்க. ராத்திரி அங்க அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து பல்லு கிடுகிடுன்னு அடிக்கும்போது, உன்ன யாரும்மா அனுப்புனதுன்னு அவள யாராவது கேட்டா, எங்க அப்பான்னு சொல்லுவா. அதையும் என்னால தாங்க முடியாது. நீங்க படிச்சவரு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வார்த்தை இருந்தாச் சொல்லுங்க, நான் சொல்லிருதேன்.

எனக்கு அப்படி ஒண்ணு கிடைக்கல.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். தப்பா நினைக்கக் கூடாது. கையப் பிடிச்சுக் கேக்கேன், கொடுங்க கைய. அவ வந்ததும் நீங்க தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பாவக் கேட்டுக்கிட்டு இருக்காதம்மான்னு சொல்லுங்க. பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்புன்னு சொல்லுங்க. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் பேச்சக் கேக்காமப் போகச் சொல்லுங்க. நான் சத்தம் போடுவேன். வாசல்ல நின்னு திட்டுவேன், ஊரு கேக்கத் திட்டுவேன், அதெல்லாம் அவ காதுல வாங்க வேண்டாம். திட்டிட்டு, பின்னாலயே ரயிலடிக்கு வந்துருவேன். கொசுவலை நல்லதா ஒண்ணு வாங்கித் தருவேன். கிடைக்க மாத்திரை எல்லாம் வாங்கித் தருவேன். அது என்னால முடியும். சொல்லத்தான் முடியல பிரதர். அவள எனக்குக் கீழ்ப்படியாமப் போகச் சொல்லுங்க.

ஏன், என்ன அங்க பாக்கீங்க? எனக்குப் பின்னால யாரு?

எப்பம்மா வந்த? நாலு மணிக்குத்தான வருவ? எதுல இருந்து கேட்டுக்கிட்டு நிக்க? செருப்பக்கூடக் கழத்தாம அங்கயே ஏன் நிக்க, உள்ள வா. பிரதர் வந்திருக்காரு. நாங்க சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். என்ன சொன்ன? சத்தமாச் சொல்லும்மா, எனக்கு இந்தக் காது…

கேட்டீங்களா பிரதர்?

'சரிப்பா, போயிட்டு வாரேன்'ங்கா.

போன்னு நான் சொன்னேனா? நீங்கதான சாட்சி, போன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சா? அன்னபாக்கியம், நீ ஏன் அங்க அழுதுக்கிட்டு நிக்க? இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. பிள்ள சிரிச்சுக்கிட்டு நிக்கா பாருங்க. என் பேச்சக் கேக்காதன்னேன், அதையும் கேட்டுட்டா. நான் போன்னும் சொல்லல, ஆண்டவரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. அப்ப இவளப் போகச் சொன்னது யாரு பிரதர்?